பட்டறைத் தரைக்கு எபாக்சி: டப்பாவைத் திறக்கும் முன் தெரிய வேண்டியவை

எபாக்சி பூசிய தரை எங்காவது உரிந்து கிடந்தால் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். என்ன நடந்தது என்பது அதன் முதுகில் தெரியும். சாம்பல் நிறத்தில் சிமென்ட் தூள் அப்பியிருந்தால் எபாக்சி தன் பிடியை விடவில்லை, தரையின் மேல்தோல்தான் கழன்று வந்திருக்கிறது. முதுகு வழவழவென்று சுத்தமாக இருந்தால் பூச்சு தரையைப் பிடிக்கவே இல்லை: எண்ணெய் இருந்திருக்கும், அல்லது தரையைச் சொரசொரப்பாக்காமல் பூசியிருப்பார்கள். அடியில் நீர் கோத்துக் கொப்புளமாக எழும்பியிருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறியிருக்கிறது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் கலவை விகிதம் தவறியது. இந்த நான்கில் மூன்று, டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட தவறுகள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பூசுவதைவிடத் தரையைத் தயார் செய்வதற்கு அதிக இடம் போகிறது.

கணக்குக்கு வசதியாக ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் சாதாரணமாகக் காணக்கூடிய, 20 அடிக்கு 30 அடி லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், மூலையில் வெல்டிங் வேலை, முன்பக்கம் ஷட்டர். தரை பத்துப் பதினைந்து வருடப் பழைய சிமென்ட் தளம்.

எபாக்சி என்றால் என்ன

இரண்டு டியூபாக வரும் அரால்டைட் பசையைப் பயன்படுத்தாத ஃபிட்டர் இருக்க மாட்டார். தரை எபாக்சியும் அதே குடும்பம்தான். ஒரு டப்பாவில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். பெயின்ட் போல இது காய்வதில்லை. இரண்டும் வினைபுரிந்து, வெப்பத்தை வெளியிட்டு, ஒரே பிணைப்பாக இறுகுகிறது.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பல தவறுகள் தாமாக விலகும். கார் டிங்கரிங் வேலையில் பள்ளம் நிரப்பும் பாலியெஸ்டர் பட்டியில் ஹார்டனரைச் சற்றுக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்சியில் அந்தக் கணக்கு எடுபடாது. இங்கே ஒவ்வொரு ரெசின் மூலக்கூறுக்கும் குறிப்பிட்ட அளவு ஹார்டனர் ஜோடி சேர வேண்டும். கூடப் போட்டாலும் குறையப் போட்டாலும் ஜோடி கிடைக்காதது அப்படியே மிஞ்சி நிற்கும். அந்தத் தரை எத்தனை மாதமானாலும் பிசுபிசுப்பை விடாது, சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. 4-க்கு 1 என்று போட்டிருந்தால் அது கன அளவா, எடையா என்பதையும் லேபிளில் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

எதைப் பூசுவது

கடையில் ‘ஃப்ளோர் பெயின்ட்’ என்று ஒரே டப்பாவில் கிடைப்பது காய்ந்தபின் ஒரு கோட்டுக்கு 40, 50 மைக்ரான்தான் நிற்கும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நடமாட்டம் குறைந்த ஸ்டோர் ரூமுக்குச் சரி. இரும்புச் சுருளை மிதித்து நடக்கும் பட்டறையில் சில மாதங்களில் தடம் விழுந்துவிடும்.

தண்ணீர் கலந்த எபாக்சி, கரைப்பான் கலந்த எபாக்சி, கரைப்பானே இல்லாத எபாக்சி என்று மூன்று உண்டு. முதல் இரண்டிலும் ஈரமாகப் பூசியதில் கணிசமான பங்கு ஆவியாகிவிடும். கன அளவில் 50 சதவீதம் திடப்பொருள் உள்ளதை 200 மைக்ரான் பூசினால் காய்ந்தபின் 100 மைக்ரான்தான் மிஞ்சும். கரைப்பான் இல்லாததில் பூசிய தடிமன் அப்படியே நிற்கும். லிட்டர் விலையைப் பார்த்தால் அது அதிகமாகத் தெரியும். நிற்கும் மைக்ரானுக்கு என்ன விலை என்று போட்டுப் பார்த்தால் வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

செல்ஃப் லெவலிங் என்பது 1 முதல் 3 மி.மீ. வரை ஊற்றிப் பரப்புவது. தொழிற்சாலைகளில் பார்க்கும் கண்ணாடித் தரை அதுதான். லேத் பட்டறைக்கு அது தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். அந்த வழவழப்பில் கூலன்ட் (உலோகம் வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) சிந்தினால் கால் வழுக்கும், கீறலும் பளிச்சென்று தெரியும். பாலியூரித்தேன் வெயிலைத் தாங்கும், கீறலையும் ஓரளவு தாங்கும். ஆனால் நம் வேலைக்கு அது மேல் கோட்டாகத்தான் பயன்படும். எபாக்சி வெயில் பட்டால் மஞ்சளித்து வெளிறும் என்பதால் ஷட்டருக்கு உள்ளே வெயில் விழும் நாலைந்து அடிக்கு மட்டும் பாலியூரித்தேன் மேல் கோட் போடுவது கெட்டிக்காரத்தனமான செலவு.

பூச்சே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. சிலிக்கேட் டென்சிஃபையர் என்னும் திரவம் கான்கிரீட்டுக்குள் இறங்கி, அங்குள்ள சுண்ணாம்போடு சேர்ந்து மேற்பரப்பை இறுக்கும். தூசு கிளம்புவது அடங்கும். படலமே இல்லாததால் உரிவதற்கும் ஒன்றும் இல்லை. எண்ணெய்க் கறையை மட்டும் அது தடுக்காது. ஈரம் ஏறும் தரைக்கு பெரும்பாலும் இதுவே நல்ல முடிவு.

நம் பட்டறைக்கு: ஒரு பிரைமர் (தரைக்குள் இறங்கிப் பிடிக்கும் முதல் பூச்சு), அதன்மேல் கரைப்பான் இல்லாத எபாக்சி இரண்டு கோட், லேத்தைச் சுற்றிக் கூலன்ட் தெறிக்கும் இடத்தில் வழுக்காமலிருக்கக் குவார்ட்ஸ் மணல். வெல்டிங் மூலையை விட்டுவிடுங்கள். உருகிய பொறி விழும் இடத்தில் எந்த எபாக்சியும் கருகும். அங்கே கடப்பா கல்லோ இரும்புத் தகடோ போட்டால் போதும்.

தரையைச் சோதிப்பது

நம் ஊர்ப் பழைய பட்டறைத் தரை பெரும்பாலும் ஒரே கட்டியான கான்கிரீட் அல்ல. அடியில் ஜல்லிக் கான்கிரீட், அதன்மேல் ஓரிரு அங்குலச் சிமென்ட் பூச்சு, அதற்கும் மேல் பளபளப்புக்காகச் சிமென்ட் பால் தெளித்துக் கரண்டியால் தேய்த்த ஒரு மெல்லிய தோல். கண்ணுக்கு அழகாக இருக்கும் அந்தத் தோல்தான் எபாக்சியோடு சேர்ந்து கழன்று வருவது. எபாக்சி இறுகும்போதும், வெயிலில் விரிந்து சுருங்கும்போதும் தரையை இழுக்கும். வலுவில்லாத தோல் அந்த இழுப்பைத் தாங்காது.

முதலில் ஒரு இரும்புக் கம்பியால் இரண்டடிக்கு ஒரு இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. பானையைத் தட்டியதுபோல் கூடாகக் கேட்டால் மேல் பூச்சு அடித்தளத்தை விட்டுவிட்டது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அதை வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். அடுத்து ஒரு ஆணியால் அழுத்திக் கீறுங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தால் நல்லது. மாவாக உதிர்ந்து பள்ளம் விழுந்தால், கெட்டியான பகுதி வரும்வரை தேய்க்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர்ச் சொட்டு. நாலைந்து சொட்டு விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தரை உறிஞ்சிக் கறுத்தால் எபாக்சியும் இறங்கும். முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய சீலரோ தடுக்கிறது. தரையைத் தேய்த்து முடித்த பிறகு இதை இன்னொரு முறை செய்ய வேண்டும்.

நான்காவது, பலரும் தவிர்த்துவிட்டு வருந்தும் சோதனை. 45 செ.மீ. சதுரமாகக் கண்ணாடிப் பாலிதீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ மண்ணின் ஈரம் மேலே வருகிறது. நடுவில் ஒன்று, சுவர் ஓரம் ஒன்று, நிழல் மூலையில் ஒன்று என மூன்று இடத்தில் ஒட்டுங்கள். மார்ச்சில் உலர்ந்து காட்டிய தரை ஐப்பசி மழைக்குப் பிறகு ஈரம் காட்டலாம். முடிந்தவரை மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

ஈரம் ஏன் இவ்வளவு தொல்லை? திறந்த தரையில் ஆவி வந்துகொண்டே இருந்தாலும் காற்றில் கலந்துவிடும், யாருக்கும் தெரியாது. மேலே மூடி போட்டதும் போக வழியில்லாமல் பூச்சுக்கு அடியில் தேங்கும். கான்கிரீட்டின் காரத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு, இன்னும் நீரை இழுத்து, கொப்புளமாகத் தூக்கும். பூசிய அன்று ஒன்றும் தெரியாது, மாதங்கள் கழித்தே எழும்பும். சோதனையில் ஈரம் தெரிந்தால் ஈரத் தரைக்கென்றே தயாரித்த எபாக்சித் தடுப்பு பிரைமர் போட வேண்டும், இல்லையென்றால் டென்சிஃபையரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புதிதாகத் தரை போடுபவர்களுக்கு வேலை மிகச் சுலபம். கான்கிரீட்டுக்கு அடியில் 250 மைக்ரான் பாலிதீன் தாளை ஒன்றரை சாண் ஏறிக்கொள்ளும்படி விரியுங்கள். கொத்தனாரிடம் சிமென்ட் பால் தெளிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக் குறைந்தது 7 நாள் ஆற்றி, போட்ட நாளிலிருந்து 28 நாள் கழித்துப் பாலிதீன் சோதனை செய்யுங்கள்.

எண்ணெய்

கட்டிங் ஆயில் ஊறிய தரையைத் தேய்த்தால் எண்ணெய் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கிரைண்டரின் சூட்டில் அது இளகி, தேய்த்த இடமெங்கும் பரவும். ஆகவே எண்ணெய் முதலில், தேய்ப்பு பிறகு.

தரையைச் சுரண்டி, மேலே கெட்டிப்பட்ட அழுக்கை எடுத்துவிடுங்கள். 10 லிட்டர் கொதிநீரில் அரை கிலோ சலவைச் சோடாவும் ஒரு கைப்பிடி சோப்புத் தூளும் கரைத்து, எண்ணெய் இடத்தில் ஊற்றி 20 நிமிடம் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். காய விடாமல் அந்த அழுக்கு நீரை வைப்பரால் இழுத்து, ஈர வேக்குவமால் உறிஞ்சி எடுங்கள். வெறும் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். சொட்டு சோதனையில் தண்ணீர் இறங்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று நான்கு முறைகூட ஆகலாம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிக் கழுவும் வழக்கம் தரைக்குக் கெடுதல். அது எண்ணெயை நீர்க்க வைத்து இன்னும் ஆழத்துக்கு அனுப்பிவிடும். தீ ஆபத்து வேறு.

எத்தனை கழுவியும் ஒரு இடம் கறுப்பாகவே இருந்து, ஹாட் ஏர் கன் காட்டினால் எண்ணெய் மினுமினுப்பு மேலே வந்தால், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கறை படிந்த ஆழம்வரை உளியால் வெட்டி எடுத்துவிட்டு, பள்ளத்துக்குப் பிரைமர் தடவி, 1 பங்கு கலந்த எபாக்சிக்கு 5, 6 பங்கு எடை உலர்ந்த குவார்ட்ஸ் மணல் சேர்த்துப் பிசைந்து நிரப்புங்கள்.

தேய்ப்பது

ஆசிட் ஊற்றிக் கழுவலாமே என்று கேட்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமென்ட் தோலை அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மெஷின் நிற்கும் பட்டறையில் அதை நாங்கள் சொல்லவே மாட்டோம். அந்தப் புகை லேத்தின் பெட்டிலும் (நீள அடிப்பாகம்) சக்கிலும் (வேலைப் பொருளைப் பிடிக்கும் பகுதி) ஒரே இரவில் துரு ஏற்றும். எண்ணெய் இருக்கும் இடத்தில் அது வேலை செய்யாது, சரியாகக் கழுவாவிட்டால் உப்பைத் தரையிலேயே விட்டுப் போகும். உலர்ந்த தரை வேண்டிய நேரத்தில் தரையை நனைத்தும் விடுகிறது.

டயமண்ட் கப் வீல் எனும் கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்தான் சரியான வழி. 7 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் 16 முதல் 30 நம்பர் வரையுள்ள கப் வீலை மாட்டி, தூசு மூடி பொருத்தி, வேக்குவம் குழாயை இணைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் குழி விழும். வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பளபளப்பு முழுவதும் போய், மணல் துகள்கள் கண்ணுக்குத் தெரிந்து, கையால் தடவினால் 80 நம்பர் உப்புத்தாள் போல இருக்க வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் பிரைமர் கூடுதலாகக் குடிக்குமே தவிர லாபம் இல்லை.

மார்பிள் பாலிஷ் செய்பவரை மெஷினோடு கூப்பிடுவதும் உண்டு. பெரிய இடத்துக்கு அது வேகமானது. இரண்டு விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டும். முதல் கட்டக் கரடு கல்லோடு நிறுத்த வேண்டும், மெருகேற்றக் கூடாது. தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதால் வரும் சேற்றைக் காயும் முன் முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் நீங்கள் காசு கொடுத்து அகற்றிய அதே வலுவற்ற தோல் மறுபடி உருவாகிவிடும். ஈரத் தேய்ப்புக்குப் பிறகு தரை உலரச் சில நாள் விட வேண்டும்.

கான்கிரீட் தூசில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் கொண்டுவரும். அந்த நோய் குணமாவதில்லை. துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. முகத்தோடு பொருந்தும் என்95 அல்லது அதைவிட மேலான மாஸ்க் வேண்டும். அதே தூசு லேத்தின் வழித்தடத்தில் விழுந்து எண்ணெயோடு சேர்ந்தால் எமரிப் பசை மாதிரி அரைத்துவிடும். தேய்க்கத் தொடங்கும் முன் மெஷின்களைப் பாலிதீனால் சுற்றித் தரைவரை டேப் ஒட்டுங்கள். லெவல் பார்த்து நிறுத்திய லேத்தைத் தரைப் பூச்சுக்காக நகர்த்த வேண்டாம். அதன் பீடம்வரை பூசினால் போதும்.

விரிசல்களை கிரைண்டரால் ‘வி’ வடிவில் அகலப்படுத்தி, தூசை உறிஞ்சி, எபாக்சியும் நுண் மணலும் கலந்த பட்டியால் அடையுங்கள். தளத்தில் வேண்டுமென்றே விட்ட நேர்கோட்டு ஜாயின்ட்டை மட்டும் அப்படி அடைக்கக் கூடாது. தளம் விரிவதும் சுருங்குவதும் அங்கேதான். கெட்டியாக அடைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் எழும். பூச்சு முடிந்தபின் அந்தக் கோட்டை மறுபடி அறுத்து, நெகிழும் பாலியூரித்தேன் சீலன்ட் இடுங்கள்.

எவ்வளவு வாங்குவது

மனதில் வைக்க வேண்டியது ஒரே சமன்பாடு: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தடிமனுக்கு 1 லிட்டர். நம் பட்டறை 600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். தேய்த்த தரை குடிப்பதையும் சேர்த்துப் பிரைமருக்குச் சதுர மீட்டருக்கு 0.15 லிட்டர் வைத்தால் 8.4 லிட்டர். 150 மைக்ரான் வீதம் இரண்டு கோட்டுக்கு 16.8 லிட்டர். வாளியிலும் ரோலரிலும் தங்குவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து மொத்தம் சுமார் 28 லிட்டர். கடையில் கிலோ கணக்கில் கொடுத்தால் லேபிளில் உள்ள அடர்த்தியால் பெருக்குங்கள். நிறம் சேர்த்த எபாக்சி தண்ணீரைவிடக் கனமானது. 28 லிட்டருக்கு 28 கிலோ வாங்கினால் கடைசி மூலையில் தட்டுப்படும்.

கலப்பதும் பூசுவதும்

இரண்டு பாகத்தையும் வாளியில் ஊற்றி, டிரில்லில் கலக்கும் துடுப்பு மாட்டி, நிமிடத்துக்கு 300, 400 சுற்று வேகத்தில் 3 நிமிடம் கலக்குங்கள். வேகம் கூடினால் காற்று ஏறும். பிறகு இரண்டாவது சுத்தமான வாளிக்கு மாற்றி ஒரு நிமிடம் மறுபடி கலக்க வேண்டும். முதல் வாளியின் சுவரிலும் அடியிலும் ஒட்டியிருப்பது சரியாகக் கலந்திருக்காது. அதைச் சுரண்டித் தரையில் ஊற்றியவர்களுக்கு அந்த இடத்தில் மட்டும் இறுகாத திட்டு கிடைக்கும்.

கலந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். லேபிளில் 25 டிகிரியில் 40 நிமிடம் என்றிருந்தால், 35 டிகிரி பட்டறையில் ஏறக்குறைய 20 நிமிடம்தான். பத்து டிகிரி கூடினால் நேரம் பாதியாகும் என்று வையுங்கள். வாளியில் குவியலாக இருந்தால் வினையின் சூடு வெளியேற வழியின்றி, புகை கிளம்பி, கல்லாகிவிடும். ஆகவே ஒரு தடவைக்கு 3 லிட்டர் மட்டும் கலந்து, உடனே தரையில் கோடாக ஊற்றி, ரப்பர் வைப்பரால் இழுத்து, ரோலரால் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுங்கள். 3 லிட்டர் 20 சதுர மீட்டருக்கு வரும். ஓரங்களை ஒருவர் பிரஷ்ஷால் முன்கூட்டியே அடித்துக்கொண்டே போனால் நேரம் மிச்சம். நைட்ரைல் கையுறை கட்டாயம். ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தவர்கள் பிறகு எபாக்சி வேலையே செய்ய முடியாமல் போகிறது.

காலையில் பிரைமர் அடிக்காதீர்கள். வெயில் ஏற ஏறக் கான்கிரீட்டின் துளைகளில் உள்ள காற்று விரிந்து, பூச்சைத் துளைத்துக் குமிழாக வெளிவரும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குமேல் தரை ஆறும்போது அந்தக் காற்று சுருங்கிப் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். பனித்துளி படியும் வெப்பநிலையைவிடத் தரை குறைந்தது 3 டிகிரி அதிகம் இருக்க வேண்டும் என்பது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனி படிவது 26 டிகிரியில். தரை 29-க்குக் கீழே இருந்தால் அன்று வேலையை ஒத்திவையுங்கள். மீறினால் மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு பிசுக்கு படியும். ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் வருவது அது. அப்படியே அடுத்த கோட்டை அடித்தால் இரண்டும் ஒட்டாது; முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவித் துடைக்க வேண்டும். மழையும் ஈரமும் குறைந்த மாசி, பங்குனி இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

பிரைமருக்கு மறுநாள் முதல் கோட். அது ஈரமாக இருக்கும்போதே லேத்தைச் சுற்றி, சதுர மீட்டருக்கு அரை கிலோ வீதம், உலர்ந்த குவார்ட்ஸ் மணலை மேலிருந்து மழை போல் தூவுங்கள். மறுநாள் ஒட்டாத மணலைப் பெருக்கிவிட்டு இரண்டாவது கோட் அடித்தால் மணல் பூட்டிக்கொள்ளும். கோட்டுக்கும் கோட்டுக்கும் 24 மணி நேரம் தாண்டிவிட்டால், மேற்பரப்பை 80 அல்லது 100 நம்பர் உப்புத்தாளால் மங்கலாக்கித் துடைத்த பிறகே அடுத்தது.

பூசிய பிறகு

ஒரு நாளில் நடக்கலாம். மூன்று நாளில் லேசான வேலை. கூலன்ட், எண்ணெய், கனமான ஜாப் எல்லாம் ஏழு நாளுக்குப் பிறகுதான். இந்த ஏழு நாளைப் பொறுக்காமல் கெடுத்துக்கொள்வது அதிகம்.

பிரேக் ஆயில் சிந்தினால் அப்போதே துடையுங்கள். கிடக்க விட்டால் அது பூச்சை இளக்கும். பாட்டரித் தண்ணீரையும் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஜாக்கின் இரும்புக் காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

எங்காவது சக் விழுந்து பெயர்ந்தால், அந்த இடத்தைச் சுற்றிக் கிரைண்டரால் சதுரமாக ஒரு கோடு வெட்டி, உள்ளே கான்கிரீட்வரை தேய்த்து, பிரைமரும் எபாக்சியும் இடுங்கள். வெட்டிய விளிம்பு இருந்தால் ஒட்டு ஓரத்தில் மெலிந்து உரியாது. இதற்காக மிச்ச ரெசினையும் ஹார்டனரையும் கலக்காமல் தனித்தனியே இறுக மூடி, டப்பாவின் மேல் கலவை விகிதத்தை எழுதி வைத்துவிடுங்கள்.